நல்லா பேசுங்க சார்

என் மகள் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரே மாதத்தில் நாக்கை மாற்றிக்கொண்டாள். "ஆமா" என்று சொல்லிப் போன பிள்ளை "ஓம்" என்று திரும்பி வந்தது. "போறேன்" போய் "போறன்" வந்தது. சோறு போடவா என்று கேட்டால், "இப்ப வேண்டாம், பிறகு சாப்பிடுறன்" என்பாள். பெற்றவளுக்கு எரிச்சல் வருமா வராதா? "ஏன்டி, ரெண்டு வாய் சோத்தக்கூட நம்ம பேச்சுல தின்ன மாட்டியா?" என்று கத்துவேன். எனக்கு வாய் நீளம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. முதல் நாள் வகுப்பில், "தண்ணி குடிச்சிட்டு வாறேங்க சார்" என்று கேட்டிருக்கிறாள். ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் முழுக்கக் குலுங்கிச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அவள் "சார்" என்றே சொல்லவில்லை, "சேர்" தான்.

அதுவரை நாங்கள் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் இருந்தோம். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த எங்கள் ஆட்கள்தான் அங்கே முழுக்க. சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டுச் சனம் எல்லாம் கிளம்பிய வருசம், நாங்களும் சட்டி பானை, ஒரு ஆடு, ஒரு சைக்கிள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நடந்து வவுனிக்குளப் பக்கம் வந்து சேர்ந்தோம். அது குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கிற குடியேற்றம். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி பெற்றவர்கள். அப்படி ஒருவரின் வளவு ஓரத்தில் கொட்டில் போட்டுக்கொண்டோம்.

அந்த வளவுக்காரரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நல்ல மனுசி. வந்த மறுநாளே, "பின்னேரம் வாரும் தங்கச்சி, இருந்து கதைப்பம்" என்றார். நான் முகம் கழுவி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஆடு பால் தருகிறதா என்று கேட்டார். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பா என்று கேட்டார். எங்கள் பக்கம் மழை எப்படி என்று கேட்டார். பொழுது சாயப் பார்த்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அது சரிங்க அக்கா, கதை எப்ப சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அக்கா சிரித்த சிரிப்பில் குசினி அடுப்படியில் இருந்த அவர் புருசன் ஓடி வந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. நாங்கள் பேசுகிறோம், இவர்கள் கதைக்கிறார்கள். சரி, தெரிந்துகொண்டேன். ஆனால் பேச்சு இருந்த இடத்தில் கதை வந்து குந்திக்கொண்டால், பேச்சு எங்கே போயிருக்கும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இத்தனை வருசம் வன்னியில் இருந்தும் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குடியிருப்பில் எல்லாரும் எங்களைப் போலத்தான் பேசினோம். கூலிக்குப் போன இடங்களில் முதலாளிமார் ஏசுவார்கள்தான். ஏசுகிறவன், "இப்போது நான் செய்வதன் பெயர் இன்னது" என்று அறிவித்துவிட்டா ஏசுகிறான்?

மகளுக்கு அடுத்த மார்கழியில் ஓ.எல். பரீட்சை. மற்றப் பாடங்களில் பயமில்லை. தமிழும் சமயமும் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு மட்டும் அவளுக்கும் எனக்கும் ஜென்மப் பகை. கணக்குத் தவறினால் மேல் வகுப்புக்கு வழி கிடையாது. வழி இல்லாவிட்டால் என்ன? என்னோடு மிளகாய்த் தோட்டத்துக்கு வரவேண்டியதுதான். என் அம்மா கூடை சுமந்தாள், நான் மண்வெட்டி பிடித்தேன். இவளாவது நிமிர்ந்து நிற்கிற ஒரு வேலைக்குப் போகவேண்டும் என்று எனக்கு வெறி. அவளுக்கும் ஆசை இருந்தது. பெரிய வகுப்புக்குப் போய், படித்து, ரீச்சராக வேண்டுமாம். ஆட்டுக்குட்டியைக் கட்டிவைத்துப் பாடம் நடத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. என்னால் செய்ய முடிந்த உதவி இரண்டு. விடிய எழுப்பி ஒரு கோப்பை சாயத் தேநீர் ஊற்றிக் கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைப்பது ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்தபடி, "படி, படி" என்று சொல்லிக்கொண்டே இருப்பது இன்னொன்று. அவர் செய்த உதவிதான் பெரிது. அவர் என்றால் என் வீட்டுக்காரர். மண்ணெண்ணெய் அப்போது மருந்துக்குத்தான் கிடைக்கும். அதனால் பொழுது பட்டதும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு உரசவிட்டு, குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்றுவார். மகள் மேசையில் ஒரு சின்ன பல்ப் எரியும். அவர் வேகமாகச் சுற்றினால் பகல், கை ஓய்ந்தால் அமாவாசை. "ஏங்க, இருட்டுது!" என்று நான் கத்துவேன். அவர் பதில் சொல்லமாட்டார், சுற்றுவார். அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு வரும் சொற்களை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடலாம்.

கணக்குப் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து சனமெல்லாம் புறப்பட்ட வருசம் ஒரு சைக்கிளோடும் ஒரு பெட்டி புத்தகத்தோடும் வள்ளம் ஏறி இக்கரை வந்தவர். மெலிந்த மனிதர். பள்ளிக்கூடம் பாதி ஓலைக் கொட்டகையிலும் பாதி மரத்தடியிலும் நடந்தது. அவர் வகுப்பு மரத்தடியில்.

ஒரு நாள் மகள் வந்து புத்தகப் பையைப் பொத்தென்று போட்டாள்.

"என்னாடி?"

"கணக்குச் சேர் பேசினவர்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தனை பிள்ளைகள் உள்ள வகுப்பில், அகதியாக வந்த எங்கள் பிள்ளையோடு அவ்வளவு பெரிய சார் பேசியிருக்கிறாரே!

"எல்லாத்தோடயும் பேசுவாரா?"

"எல்லாரையும் பேசுவார். என்னைத்தான் கூடப் பேசுறவர்."

"என்னோட" என்று சொல்லவில்லை, "என்னை" என்றாள். அது இவர்கள் சொல்கிற விதமாக்கும் என்று விட்டுவிட்டேன். மற்ற நேரத்தில் கதைப்பார்கள், பள்ளிக்கூடத்தில் மரியாதையாகப் பேசுவார்கள் போலிருக்கிறது என்றுகூட எனக்குள் ஒரு முடிவு கட்டிக்கொண்டேன். "நல்லது, பேசட்டும்" என்றேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் வாயைத் திறந்து விளக்கியிருக்கலாம். ஆனால் நாள் முழுக்கக் கத்துகிற தாய், சார் ஏசுவது நல்லது என்று சொன்னால் அதில் ஆச்சரியப்பட அவளுக்கு என்ன இருக்கிறது?

அப்புறம் நான் தினமும் கேட்பேன். "இன்னைக்குச் சார் பேசுனாரா?" "ஓம், பேசினவர்." "நேத்தைவிடக் கூடவா?" "ஓம்." எனக்கு வேலை அலுப்பெல்லாம் பறந்துவிடும். இப்படி ஒரு மனுசருக்கு நன்றி சொல்லாவிட்டால் நாமெல்லாம் மனுசரா என்று தோன்றியது. பந்தலில் நன்றாக முற்றிய பூசணிக்காய் ஒன்றைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

சார் மரத்தடியில் தனியாக உட்கார்ந்து கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பூசணிக்காயை அவர் மேசையில் இறக்கினேன். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது.

"சார், நீங்க எம் புள்ளய தெனம் பேசுறீங்களாம்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. எழும்பி நின்றார். "அம்மா, குறை நினையாதேங்கோ. பிள்ளையின்ர நன்மைக்காகத்தான்..."

"அய்யோ, அதத்தானே நானும் சொல்ல வந்தேன்! நல்லா பேசுங்க சார். நீங்க பேசப் பேசத்தான் அவளுக்குக் கணக்கு வரும். அடிமேல அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்க."

அவர் மெல்ல உட்கார்ந்தார். "இப்பிடி ஒரு தாயை நான் காணேல்லை. மற்றப் பிள்ளையளைப் பேசினால் தாய் தேப்பன் சண்டைக்கெல்லோ வருகினம்."

"பேசுனா சண்டைக்கு வருவாங்களா? என்னா சனம்ங்க அது!"

"அப்ப, வீட்டிலயும் நீங்கள் பேசுறனீங்களோ?"

"பேசாம? எழும்புனதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் பேச்சுதான் சார். அவ சாப்புடறப்பகூட நான் பேசிக்கிட்டேதான் இருப்பேன். எங்க வீட்டுக்காரருதான் பேசவே மாட்டாரு."

"தேப்பன் செல்லமாக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் பூசணிக்காயையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சாப்பிடேக்கையுமோ?" என்று தனக்குள் முணுமுணுத்தார். பிறகு பெரிய மனதோடு, "சரி அம்மா. நீங்கள் சொன்னாப் பிறகு நான் யோசிக்க மாட்டன். சோதனை முடியுமட்டும் பேசுறன்" என்றார். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வழியெல்லாம் என்னையே மெச்சிக்கொண்டேன்.

சொன்ன சொல் தவறாத மனிதர் அவர். அடுத்த வாரம் முழுக்கப் பேசியிருக்கிறார். அந்த மரத்தில் காகம் இருக்கப் பயந்ததாம். மகள் வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, நீங்களோ சேரிட்டை என்னைப் பேசச் சொன்னது?"

"ஆமா. நாந்தான் சொன்னேன். நேருல போயிச் சொன்னேன்."

அவள் அன்றிலிருந்து என்னோடு வாயே திறக்கவில்லை. கேட்டால் தலை ஆட்டுவாள். அப்பனைப் போல ஆகிவிட்டாளே என்று நினைத்தேன். மேசையில் புத்தகம் விரிந்து கிடக்கும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் அவர் பாவம், சில்லைச் சுற்றிக்கொண்டே இருப்பார்.

பரீட்சை நெருங்கிய ஒரு மத்தியானம் அவள் பையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"நான் சோதனை எடுக்கேல்லை."

"என்னாது?"

"வீட்டிலயும் பேச்சு, பள்ளிக்கூடத்திலயும் பேச்சு. நான் மொக்கு. எனக்குக் கணக்கு வராது. நாளைக்கு உங்களோட தோட்டத்துக்கு வாறன்."

நாளைக்குத் தோட்டத்துக்கு வருகிறாளாம். எந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்று மண்வெட்டி பிடித்தேனோ, அதை அவள் வாயாலேயே கேட்டேன். அழுதுகொண்டே அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சோதனை எழுத மாட்டாளாம். அந்தச் சார் தெனம் பேசுறாரு அக்கா. ஒரு நாள் தவறாம பேசுறாரு. அப்பிடியும் இப்பிடிச் சொல்றாளே!"

"ஒவ்வொரு நாளும் பேசினால் பிள்ளை வேற என்னெண்டு சொல்லும்?" என்றார் அக்கா.

"பேசுனா நல்லதுதானே அக்கா?"

அக்காவின் கை நின்றது. "தங்கச்சி, நீர் பேசுறது எண்டு எதைச் சொல்லுறீர்?"

"இந்தா, இப்ப நீங்களும் நானும் பேசுறோமே, இது."

"அட கோதாரி! மெய்யே? இது கதைக்கிறது. பேசுறது எண்டால் ஏசுறதெல்லோ!"

சுளகு சரிந்தது. அரிசி முற்றமெல்லாம் சிதறியது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கோழிகளுக்கு விருந்து. எனக்கோ பூசணிக்காய் தலையிலேயே விழுந்தது போலிருந்தது. நான் சாரிடம் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நல்லா ஏசுங்க சார். நீங்க ஏச ஏசத்தான் அவளுக்குக் கணக்கு வரும். சாப்புடறப்பகூட நான் ஏசிக்கிட்டேதான் இருப்பேன். சிவசிவா! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் பிள்ளையையும் சேர்த்தல்லவா கெடுத்திருக்கிறேன்!

போட்ட உடுப்போடு சாரின் கொட்டிலுக்கு ஓடினேன். அவர் கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"சார், பேசாதீங்க சார்!"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான் ஒண்டும் கதைக்கேல்லையே அம்மா."

"அதத்தான் சார், கதைங்க! பேசாதீங்க, கதைங்க!"

மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடியே, "அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் இல்லாமல் எல்லோ பண்ணிப்போட்டம்" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது.

அன்று பொழுது படும் நேரம் சார் சைக்கிளில் எங்கள் கொட்டிலுக்கு வந்தார். மகள் மேசையில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தாள். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அவள் படிக்கவில்லை என்று சொன்னாலும் என் வீட்டுக்காரர் சுற்றுவதை நிறுத்தவில்லை. நானும் சாரும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். "பிள்ளை, அம்மா சொன்னது என்னெண்டால்..." என்று அவர். "அடியேய், நா சொன்னது அந்தப் பேச்சு இல்லடி..." என்று நான். அவர் விளக்க, நான் விளக்க, இரண்டு பேரும் சேர்ந்து சந்தை இரைச்சல் போட்டோம். அவள் திரும்பவே இல்லை.

வெளிச்சம் மங்கியது. அணைந்தது.

"போதும்" என்று ஒரு சத்தம் கேட்டது. யார் என்று நானே தேடினேன். என் வீட்டுக்காரர் எழும்பி நின்றார்.

"ஒருத்தரு பேசிப் பேசி எம் புள்ளய மொக்குன்னு நம்ப வச்சுட்டாரு. ஒருத்தி பூசணிக்காய் குடுத்துப் பேசச் சொன்னா. நல்லா இருக்கு உங்க பள்ளிக்கூடமும் உங்க வீடும்! நா இந்தா, இந்த மூலையில குந்திக்கிட்டு தெனம் பாக்குறேன். அவ கணக்குப் போடுறா. தப்பு வருது, அழிக்கிறா, திரும்பப் போடுறா. மறுபடி தப்பு வருது, மறுபடி அழிக்கிறா. மொக்குப் புள்ள எதுக்குத் திரும்பப் போடணும்? எனக்குக் கணக்குத் தெரியாது சார். ஆனா விடாத கை எதுன்னு தெரியும். அவ எழுதுறதும் எழுதாததும் அவ இஷ்டம். அவள மொக்குன்னு மட்டும் இந்த வீட்டுல யாரும் சொல்லக் கூடாது. அவளும் சொல்லக் கூடாது!"

சார் என் பக்கம் குனிந்து, "இவரையோ பேசமாட்டார் எண்டனீங்கள்?" என்று கேட்டார்.

மகளின் தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. திரும்பாமலே சொன்னாள்: "அப்பா, வெளிச்சம்."

அவர் குந்திப் பெடலைப் பிடித்தார். அன்று அவர் சுற்றிய சுற்றில் பல்ப் வெடித்துவிடுமோ என்று பயந்தேன்.

அதன் பிறகு சார் பின்னேரங்களில் வந்து சொல்லிக்கொடுத்தார். பேசாமல் இருக்க அந்த மனிதர் பட்ட பாடு! அவள் பிழை விட்டால் அவர் வாய் தானாகத் திறக்கும். "மொ..." என்று வரும். விழுங்கிக்கொண்டு, "மொத்தத்தில சரி, இந்த இடத்தை மட்டும் பாப்பம்" என்பார். நெற்றி வியர்க்கும். நான் சாயம் கொண்டுபோய் வைப்பேன்.

பரீட்சைக்குப் போகிற காலையில் நானும் ஒரு சபதம் எடுத்தேன். ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக் கூடாது. பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன், திருநீறு பூசிவிட்டேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். மகள் வாசல் படலை வரை போனாள், நின்றாள், திரும்பி வந்தாள்.

"அம்மா, ஏதாவது சொல்லுங்கோ. நீங்கள் சத்தம் போடாமல் நிண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு."

"பென்சில் எடுத்தியாடி மூதேவி?" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "எடுத்திட்டன்" என்று சொல்லிக்கொண்டு அப்பாவின் சைக்கிளில் ஏறினாள்.

முடிவு வர மாதக்கணக்கானது. ஆமி பாதையைத் திறந்தால் தபால் வரும், மூடினால் வராது. ஓமந்தைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ எங்கள் பிள்ளையின் தலையெழுத்து ஒரு சாக்குக்குள் கட்டிக் கிடக்கிறது என்று நான் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டும்போது, வரப்பில் அவள் வருவது தெரிந்தது. பள்ளிக்கூடம் கூப்பிட்டுவிட்டதாகக் காலையில் போனவள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னாடி ஆச்சு?"

"சேர் பேசினவர்."

மண்வெட்டி கையிலிருந்து விழுந்தது. இப்போது எனக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியுமே. போச்சு, கணக்குப் போச்சு. "அந்த மனுசனுக்கு என்னா நெஞ்சுடி! தவறுனா தவறிட்டுப் போவுது, அதுக்காக மறுபடி எம் புள்ளயப் பேசுவாரா? வாடி, நா போயிக் கேக்குறேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறினேன்.

அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு.

"அவங்க பேச்சு இல்லம்மா. நம்ம பேச்சு" என்றாள். "கணக்கு பாஸும்மா. எல்லாமே பாஸு. சார் எங்கூட பேசுனாரும்மா. ரொம்ப நேரம் பேசுனாரு."